எந்தக் கொடி என்று நீ கேட்டாய்

பேர்லேண்ட்
8 ஜூன் 2025, ஞாயிறு

அன்புள்ள தென்றல் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், அவளுடைய வலது முழங்காலை மட்டும் அந்த சௌக்கியத்தில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளை சபரிநாதனும் தீக்ஷாவும் நன்றாக இருக்கிறீர்கள் என்று போனிலேயே தெரியும், இருந்தாலும் கடிதம் எழுத உட்கார்ந்தால் கேட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும், அதனால் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் பிறந்ததும் இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, காலை ஏழு மணிக்கே வெளியே போனால் கண்ணாடியில் ஆவி படிகிறது. ஜனவரியில் பனி விழுந்தபோது கருகிப்போன கறிவேப்பிலைச் செடி அடியிலிருந்து மறுபடி துளிர்த்திருக்கிறது, அம்மா அதன் பக்கத்தில் யாரையும் விடுவதில்லை. பின்பக்க வேலியில் இரண்டு பலகை சாய்ந்துவிட்டது, முப்பது நாளில் சரி செய்யவில்லை என்றால் நடவடிக்கை என்று குடியிருப்புச் சங்கமான எச்.ஓ.ஏ.விலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அது நமக்கும் பக்கத்து வீட்டு லாமுக்கும் பொதுவான வேலி. முன்பெல்லாம் பலகை சாய்ந்தால் கடிதம் வருவதற்குள் லாமும் நானும் சேர்ந்து நிமிர்த்திவிடுவோம். இந்தத் தடவை ஏன் அப்படி நடக்கவில்லை என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் நீ ஸ்பீக்கரில் போடுவாய், நடுவில் தீக்ஷா ஹாய் தாத்தா என்பாள், பாதியில் அம்மா என் கையிலிருந்து போனை வாங்கி வேறு பேச்சுக்குப் போய்விடுவாள், நானும் பிழைத்தோம் என்று விட்டுவிடுவேன். ஆறு வாரமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வருகிறேன். போன மாதம் ஒரு நாள் நீ கேட்டாய், பங்க்ஷன் எப்படி நடந்தது, பேனர் நன்றாக இருந்ததா, குரூப்பில் ஒரு போட்டோகூட வரவில்லையே என்று. சூப்பர் என்றேன். சூப்பராக நடக்கவில்லை. அது மட்டுமில்லை, நான் செய்த ஒரு தப்பை நீ செய்ததாக இரண்டு இடத்தில் சொல்லியிருக்கிறேன். வேறு யாராவது உனக்கு முன்பே சொல்லியிருந்தால், இது என் வாயால் வரட்டும் என்று நீ காத்திருக்கிறாய் என்று வைத்துக்கொள்கிறேன்.

லாமை உனக்குத் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும், எனக்கும் இந்த வருஷம் வரைக்கும் பாதிதான் தெரிந்திருந்தது. 2021 பிப்ரவரியில் டெக்சஸ் முழுக்க கரண்ட் போய் ஊரே உறைந்தபோது, வேலிக்கு மேலாகத் தன் ஜெனரேட்டரிலிருந்து ஒரு ஆரஞ்சு வயரை எறிந்து நம் ஹீட்டருக்கு உயிர் கொடுத்தவர். நம் வீட்டுக் குழாய் வெடித்தபோது, முப்பது வருஷம் பைப்பிங் டிசைன் பார்த்த நான் மேனுவலைத் தேடிக்கொண்டிருந்தேன், அவர் மீட்டர் பெட்டிக்குள் கையை விட்டு வால்வை மூடிவிட்டு வந்தார். நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று நீ நியூ ஜெர்சியிலிருந்து அழுதுகொண்டே அவருக்குத்தான் போன் செய்தாய். அவர் தெற்கு வியட்நாம் பட்டாளத்தில் லெப்டினன்டாக இருந்தவர். சண்டை 1975-இல் தோல்வியில் முடிந்தபின் ஜெயித்தவர்கள் அவரை மறுகல்வி முகாம் என்ற பெயரில் ஆறு வருஷம் காட்டில் மூங்கில் வெட்ட வைத்தார்கள். வெளியே வந்து, பெண்டாட்டியோடு படகேறி, மலேசியாவில் ஒரு தீவு முகாமில் எட்டு மாதம் கிடந்து, டெக்சஸுக்கு வந்து கால்வெஸ்டன் பக்கம் இறால் படகில் வேலை, பிறகு மெஷின் ஷாப்பில் வேலை, பிறகு புல்வெட்டும் மெஷின் ரிப்பேர் செய்கிற சொந்தக் கடை. மகளைப் பார்மசிஸ்ட் ஆக்கி டாலஸில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இதெல்லாம் பதினைந்து வருஷத்தில் துண்டு துண்டாக எனக்குத் தெரிந்தது. கேட்டால் சொல்வார், கேட்காவிட்டால் கார்புரேட்டரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அவருக்குப் பழைய பட்டாளத்துக் கூட்டாளிகள் பத்துப் பேர் இருக்கிறார்கள். எல்லாருமே அதே மாதிரி வெறுங்கையோடு வந்து இந்த ஊரில் தலைதூக்கியவர்கள், ஒருவர் பேக்கரி வைத்திருந்தார், ஒருவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டினார், ஒருவர் ஏ.சி. மெக்கானிக். சனிக்கிழமை தோறும் பெல்லேர் பக்கம் ஒரு காபிக் கடையில் சேர்ந்து ஐஸ் காபியும் சீனச் சதுரங்கமுமாக உட்கார்ந்திருப்பார்கள். அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்களுக்கு இங்கே வருஷத்துக்கு இரண்டு நாள் விடுமுறையே இருக்கிறது, கொடி ஏற்றுகிறார்கள், கடையில் தள்ளுபடி கொடுக்கிறார்கள். அதே சண்டையில் அவர்கள் பக்கமே நின்ற இந்த மனிதர்களுக்கு ஒன்றும் கிடையாது, ஏனென்றால் அவர்களுடைய நாடே இப்போது இல்லை. இல்லாத நாட்டின் சிப்பாய்க்கு யார் மாலை போடுவார்கள்? இது எனக்கு உறுத்தியது. அந்தச் சண்டை முடிந்து இது ஐம்பதாவது வருஷம் வேறு. நம் தமிழ் மன்றத்தின் சித்திரை விழாவில் இந்தப் பதினோரு பேரையும் மேடையேற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கமிட்டியில் சொன்னேன். தலைவர் திருமூர்த்தி உடனே ஒத்துக்கொண்டார், அவருக்கு மேடையில் எத்தனை பேர் நின்றாலும் சந்தோஷம்தான்.

லாம் இரண்டு தடவை வேண்டாம் என்றார். மூன்றாவது தடவை கேட்டபோது, கூட்டாளிகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர்கள் யாருக்கும் இஷ்டமில்லை, நமக்கு யார் இந்த இந்தியர்கள் என்றிருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர்கள், மரியாதை தெரிந்தவர்கள், நான் பொறுப்பு என்று லாம் சொல்லிச் சம்மதிக்க வைத்தாராம். இது எனக்குப் பின்னால்தான் தெரியும். எல்லாரும் யூனிபார்மில் வருவது என்று முடிவாயிற்று. பழைய யூனிபார்மை 1975-லேயே எரித்துவிட்டார்கள், வீட்டில் இருந்தால் ஆபத்து என்று. இங்கே வந்தபிறகு தைத்துக்கொண்டவைதான் இவை, இருபது முப்பது வருஷத்தில் அதுவும் தொளதொளவென்று ஆகிவிட்டது, மனிதர்கள் சுருங்கிவிட்டார்கள். மிஸஸ் லாம் மூன்று வாரம் மெஷினில் உட்கார்ந்து பதினோரு யூனிபார்மையும் பிடித்துக் கொடுத்தார். அவர்கள் கராஜில் கயிறு கட்டி வரிசையாக மாட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

அந்தக் கராஜின் சுவரில் ஒரு மஞ்சள் துணி, குறுக்கே மூன்று சிவப்புக் கோட்டோடு, எப்போதும் ஆணியடித்துத் தொங்கும். பதினைந்து வருஷமாக அதன் கீழே நின்றுதான் என் புல்வெட்டும் மெஷினை ரிப்பேர் செய்து வாங்கி வந்திருக்கிறேன். அவர்கள் கோயிலில் கொடுத்த மஞ்சள் துணி என்று நினைத்திருந்தேன். நம் ஊரில் வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைப்பதில்லையா, அப்படி ஏதோ ஒன்று என்று நானே முடிவு செய்துகொண்டு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பார்த்தாலே எனக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்கிற வியாதி எனக்கு உண்டு என்று அம்மா சொல்வாள், அவள் சொல்வது சரிதான்.

இனி பேனர் விஷயம். நீ பார்சிப்பனி ஆபீஸில் மீட்டிங்குக்கு நடுவில் எனக்காக அதைச் செய்து கொடுத்தாய். அப்போது நீ சொன்னது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "அப்பா, வியட்நாம்னு தேடுனா ரெண்டு கொடி வருதுங்கப்பா. சிவப்புல நட்சத்திரம் போட்டது ஒண்ணு, மஞ்சள்ல கோடு போட்டது ஒண்ணு. எந்தக் கொடி போடட்டும்? லாம் அங்கிள்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க." நான் கேட்கவில்லை. அது அவருக்கு சர்ப்ரைஸ், கேட்டால் கெட்டுவிடும் என்றேன், இப்போது எந்தக் கொடி பறக்கிறதோ அதைப் போடு என்றேன், நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே எனக்கு வியட்நாம் தெரியும் கண்ணு என்றும் சொன்னேன். எப்படித் தெரியும் என்றால், 1972-இல் கோயமுத்தூரில் காலேஜில் படித்தபோது, அமெரிக்காக்காரன் அங்கே குண்டு போடுகிறான் என்று ஊர்வலம் போனோம். என் கையிலிருந்த தட்டியில் அந்தச் சிவப்பும் நட்சத்திரமும்தான். சித்தாந்தம் ஒன்றும் இல்லை, பரீட்சை தள்ளிப்போகும் என்று பாதி, நியாயம் என்று தோன்றியது பாதி. வியட்நாம் என்றால் எனக்கு அந்தத் தட்டிதான். அதே கொடிக்காரர்கள்தான் லாமை ஆறு வருஷம் முகாமில் வைத்தார்கள் என்பதும் தெரியும். இரண்டும் என் மண்டைக்குள்ளேயே இருந்தது, ஒன்றுக்கொன்று அறிமுகமே ஆகவில்லை. இத்தனை வருஷம் படித்து என்ன பிரயோஜனம்?

ஏப்ரல் 26, சனிக்கிழமை. வாடகைக்கு எடுத்த ஹாலில் இருநூற்றைம்பது பேர். ஊருக்குப் போய்வந்த மன்றத்து நஞ்சப்பன் கோயமுத்தூரிலிருந்து கொண்டுவந்த பதினோரு பொன்னாடையும் தட்டில் அடுக்கியிருந்தது. வாசலில் ஜலஜா ஆன்ட்டி பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் நின்றாள். சரியாகப் பத்து மணிக்கு இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். எல்லாருக்கும் தலையில் தொப்பி, ஷூவில் முகம் பார்க்கலாம். எண்பத்து நாலு வயதான மேஜர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரைச் சக்கர வண்டியில் இழுத்துக்கொண்டு முதலில் வந்தார். பன்னீர் தெளித்ததும் ஜலஜாவுக்குத் தலை குனிந்து நன்றி சொல்லிவிட்டு நிமிர்ந்தார். நேர் எதிரில் மேடை, மேடைக்கு மேலே நம் பேனர், பன்னிரண்டு அடி அகலம், இடது ஓரத்தில் அந்தச் சிவப்புக் கொடி ஒரு ஆள் உயரத்துக்கு. மேஜர் நின்றார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அவர் ஏதோ ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அத்தனை பேரும் திரும்பி, வந்த வரிசையிலேயே வெளியே போனார்கள். நாதஸ்வர ரெக்கார்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பின்னாலேயே பார்க்கிங்குக்கு ஓடினேன். எனக்கு முன்பே நம் பல் டாக்டர் யாமினி அங்கே போய் அவர்களோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள், அவளுக்கு எதையும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. லாம் என் பக்கம் வந்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை, ரத்தமே இல்லாத மாதிரி இருந்தது. யார் அதைச் செய்தது என்று கேட்டார். என்னிடம் இரண்டு பதில் இருந்தது. என் மகள், நியூ ஜெர்சியில் இருக்கிறாள், சின்னவர்களுக்கு இதெல்லாம் தெரியாது, கம்ப்யூட்டரில் எது முதலில் வருகிறதோ அதை எடுத்துப் போட்டுவிட்டாள் என்றேன். யோசித்துச் சொல்லவில்லை, சுடுகிற பாத்திரத்தை எது கிடைக்கிறதோ அதால் பிடிக்கிற மாதிரி வாயில் வந்தது. ஆனால் உள்ளே போய் திருமூர்த்தி கேட்டபோதும் அதையே சொன்னேன், அப்போது யோசிக்க நேரம் இருந்தது. லாம் தலையை ஆட்டினார். யங் பீப்பிள் என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினார். தவிர்க்க முடியாத காரணத்தால் விருந்தினர்கள் வர இயலவில்லை என்று மைக்கில் அறிவித்தார்கள். பேனரை மடித்தோம். பிறகு குழந்தைகள் டான்ஸ், பிறகு சாப்பாடு, பாயசம் நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அதற்குப்பின் லாம் வேலிப் பக்கம் வரவில்லை. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கும்போது பார்த்தால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான். என்ன நடந்தது என்பதை மிஸஸ் லாம் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் சொன்னார், அவருக்குத் தெரிந்த கொஞ்ச இங்கிலீஷில். லாம் எங்களைக் கூட்டிப்போய் எதிரிக் கொடிக்குக் கீழே நிறுத்தினான் என்று கூட்டாளிகள் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். அவர் சனிக்கிழமை காபிக் கடைக்குப் போவதில்லை. ஏப்ரல் 30 அவர்களுக்கு நாடு போன நாள், வருஷா வருஷம் ஊர்வலத்தில் மஞ்சள் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடப்பது லாம்தான். ஐம்பதாவது வருஷமான இந்த வருஷம் வேறு யாரோ தூக்கினார்களாம், இவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாராம். ஊருக்கெல்லாம் அவர் மெஷின் ரிப்பேர்க்காரர், அந்தப் பத்துப் பேருக்கு முன்னால் மட்டும்தான் லெப்டினன்ட். அது போய்விட்டது. அம்மா உள்ளே வந்து இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கும் நான் உண்மையைச் சொல்லியிருக்கவில்லை.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். நான் அவ்வளவு கெட்டிக்காரன்கூட இல்லை, ஆனாலும் ஐந்து வாரத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. மே நடுவில் ஒரு நாள் லாம் வந்து கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. ஒரு கவரைக் கொடுத்து, உன் மகளுக்கு, அவள் வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள், விளக்கி எழுதியிருக்கிறேன், அனுப்பிவிடு என்றார். கவர் ஒட்டியிருக்கவில்லை. நான் படித்தேன், அதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நாலு பக்கம், மெஷின் ஷாப்பில் வரைபடத்துக்கு எழுதுவது போல எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்து. இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்திருக்கிறேன், முழுக்க நீயே படித்துக்கொள். ஒரு இடம் மட்டும் சொல்கிறேன். சைகோன் விழுந்த மறுநாள் தன் படைப்பிரிவின் கொடியை அவரே, பெண்டாட்டி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று, சமையல் அடுப்பில் வைத்து எரித்தாராம். நல்ல பருத்தி, சீக்கிரம் எரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார். இங்கே வந்தபின் ஒவ்வொரு வருஷமும் மஞ்சள் கொடியைத் தூக்கி நடப்பது அதற்காகத்தானாம். இந்த வருஷம் நான் நடக்கவில்லை, அதற்குக் காரணம் நீ இல்லை, உனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நீ வருத்தப்படக் கூடாது என்று முடித்திருக்கிறார். நீ செய்யாத தப்புக்கு உன்னை நாலு பக்கம் மன்னித்திருக்கிறார். அதை எடுத்து மேஜை டிராயரில் வைத்தேன். மூன்று வாரம் அங்கேயே இருந்தது. டிராயரைத் திறந்தால் தெரியும் என்பதால் என் பிரஷர் மாத்திரையை வேறு இடத்துக்கு மாற்றினேன். இப்படியெல்லாம் ஒரு மனிதன் செய்வான் என்று என்னைப் பற்றியே எனக்குத் தெரியாது.

போன புதன்கிழமை அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயை முடித்துவிட்டு, புள்ளைமேல போட்டுட்டீங்களா என்று மட்டும் கேட்டாள். மறுநாள் லாம் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பொன்னாடையில் ஒன்றைக் கையில் எடுத்தேன். "மன்னிப்புக் கேக்கப் போறவிங்க கையில சால்வை என்னத்துக்குங்க? வெறுங்கையோட போங்க" என்றாள். வெறுங்கையோடு போனேன். லாம் கராஜில் ஒரு எஞ்சினைப் பிரித்து வைத்திருந்தார். சொன்னேன். கேட்டுக்கொண்டே ஒரு சின்னத் துவாரத்தைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். முடித்ததும், இரண்டு கொடி இருக்கிறதென்று உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும், மகள் கேட்டாள், உங்களிடமும் கேட்கச் சொன்னாள் என்றேன். கம்பியைத் துடைத்து வைத்தார். பிறகு, சனிக்கிழமை ஒன்பதரை, நீ ஓட்டு என்றார்.

நேற்று ஓட்டிக்கொண்டு போனேன். காபிக் கடையில் நாங்கள் நுழைந்ததும் சதுரங்கக் காய்ச் சத்தம் நின்றது. பத்துப் பேரும் இருந்தார்கள். நான் நின்றுகொண்டே இங்கிலீஷில் சொன்னேன், லாம் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியமாக அவர்கள் பாஷையில் சொன்னார், வேறு யாரோ ஒருவருடைய விஷயத்தைச் சொல்வது போல. கொடியைத் தேர்ந்தெடுத்தது நான், லாமுக்கு எதுவும் தெரியாது, அவரைக் கேட்கவே இல்லை, பிறகு பயந்து மகள்மேல் பழி போட்டேன் என்றேன். 1972-இல் அந்தக் கொடியோடு ஊர்வலம் போனதையும் சொன்னேன், அதைச் சொல்லாமல் விட்டால் மறுபடி பாதிதான் சொன்னதாகும். லாமுக்கும் அது புதிது. அந்த ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மொழிபெயர்த்தார். மேஜர் ஏதோ கேட்டார், அப்போது உனக்கு என்ன வயது என்கிறார் என்றார் லாம். பதினெட்டு என்றேன். மேஜர் சொன்னதை லாம் மெதுவாகச் சொன்னார். என்னிடம் இருந்த பையன்களுக்கும் பதினெட்டுதான், அவர்கள் ஊர்வலம் போகவில்லை என்றாராம்.

யாரும் என் கையைப் பிடிக்கவில்லை, பரவாயில்லை என்று சொல்லவில்லை. பேக்கரிக்காரர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், அது லாமுக்கு. லாம் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் காய்களை அடுக்கினார்கள். எனக்கு நாற்காலி போடவில்லை, அது நியாயம்தான். நான் வேறு மேஜைக்குப் போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு ஆட்டத்தில் லாம் ஜெயித்தபோது மேஜர் அவரைப் பழைய பட்டப்பெயர் போல ஏதோ சொல்லிக் கூப்பிட்டார், எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அர்த்தம் புரியவில்லை, ஆனால் கண் கலங்கியது. தனியாக உட்கார்ந்திருந்ததில் ஒரு சௌகரியம், யாரும் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது, வேலை முடிந்தது என்ற நினைப்பு. ஃப்ரீவேயில் ஏறியதும் லாம், உன் மகள் என்ன சொன்னாள் என்று கேட்டார். அவளிடம் இன்னும் சொல்லவில்லை என்றேன். வீட்டு டிரைவ்வேயில் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத பத்துக் கிழவர்களிடம் போய்ச் சொன்னாய், சொல்ல வேண்டியவளை விட்டுவிட்டாய், என் மரியாதையைத் திருப்பிக் கொடுத்தாய், அவளுடையது இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மெஷினில் எந்தப் பாகம் மாட்டாமல் விட்டிருக்கிறது என்று காட்டுகிற குரல்.

அதனால்தான் கண்ணு இந்தக் கடிதம். நீ கேட்கச் சொன்னாய், நான் கேட்கவில்லை. நீ சரியாக இருந்தாய், உன்னைத் தப்பாக்கி நான் தப்பித்தேன். பெற்ற பிள்ளையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு அப்பன் மழைக்கு ஒதுங்கினான். சின்ன விஷயம்தானே என்று நீ சொல்வாய், உன் சுபாவம் அது, தயவுசெய்து சீக்கிரம் அப்படிச் சொல்லிவிடாதே. இதைத் தபாலில் சேர்த்த கையோடு மன்றத்துக் குரூப்பிலும் நடந்ததை எழுதப் போகிறேன். யார் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும், உன்னைப் பற்றித் தப்பாக நினைக்காமல் இருந்தால் போதும்.

லாமின் கடிதத்துக்கு நீ நேராக அவருக்கே பதில் எழுது, என் வழியாக அனுப்பாதே, நம் வீட்டு எண்ணோடு நாலைக் கூட்டினால் அவருடைய விலாசம். தீக்ஷாவுக்கு இருமல் விடவில்லை என்றாய், சுக்குத் தட்டிப் போட்டுக் கொடு, இரண்டு நாளில் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டு, கூகுளில் தேடிக்கொண்டிருக்காதே. மாப்பிள்ளை ரயில் ஸ்டேஷனுக்கு ஓடும்போது சாப்பிடாமல் ஓட வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னாள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும் என்று அம்மாவின் ஆசீர்வாதத்தை அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். அதன் பக்கத்தில் வழக்கமாக என்னுடையதையும் எழுதுவேன், இந்தத் தடவை எழுத வரவில்லை. என்னை மன்னிக்க முடியுமா என்று யோசித்துச் சொல் கண்ணு, ஆசீர்வாதத்தை அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

உன் அப்பா,
சுப்பையன்